சிறிய பலசரக்குக் கடைக்கு பி.ஓ.எஸ். தேவையா?

ஒக்டோபர் 4, 2025 – கேள்வி, கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவரிடமிருந்து

அப்பாவின் பலசரக்குக் கடையை இப்போது நான் பார்க்கிறேன். அகலம் பத்தடிகூட வராது. ஒரு கல்குலேட்டர், ஒரு லாச்சி, ஒரு கடன் கொப்பி, இவற்றோடு முப்பது வருடம் ஓடிய கடை. கணினி, ஸ்கேனர், பில் பிரிண்டர், மென்பொருள் எல்லாம் சேர்ந்த பி.ஓ.எஸ். என்ற விற்பனைப் பதிவு முறையைத் தருகிறேன், வரிசை சீக்கிரம் கரையும் என்று ஒருவர் வந்து சொல்கிறார். என் கடையில் வரிசையே கிடையாது. இதெல்லாம் சுப்பர்மார்க்கெட்டுக்குத்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஒக்டோபர் 4, இரவு – பதில், வெள்ளவத்தை வாசகி ஒருவரிடமிருந்து

வரிசை கரைவதற்காக வாங்குவதாயிருந்தால் வேண்டாம், தம்பி. பத்தடிக் கடையில் பழகிய கை கல்குலேட்டரில் போடும் வேகத்தை ஸ்கேனர் மிஞ்சாது. எங்கள் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. மாமா தொடங்கியது, இப்போது நானும் கணவரும் நடத்துகிறோம். பி.ஓ.எஸ். வந்த பிறகு ஒரு வாடிக்கையாளரும் முன்னைவிடச் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று யாராவது சொன்னால் கொடுக்கமாட்டேன்.

எந்தப் பொருள் எங்களுக்குக் காசு தருகிறது, எது தட்டில் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று இப்போது தெரிகிறது. முன்பு லாச்சி நிறைந்திருந்தால் வியாபாரம் நல்லது என்று எண்ணினோம். லாச்சியில் கிடப்பதில் பெரும்பகுதி நாளைக்கு வந்து நிற்கப்போகும் பிஸ்கட் வானுக்கும் பால்மா வானுக்கும் உரியது.

ஒக்டோபர் 5

"வாங்கிய விலையும் விற்ற விலையும் தலைக்குள் இருக்கின்றன, இதற்கு ஒரு கணினியா?" என்று மருதானையிலிருந்து ஓர் அண்ணா கேட்டிருக்கிறார்.

விற்ற விலை தலைக்குள் இருக்கும், அண்ணா. வாங்கிய விலை இருக்காது. விற்பனைப் பிரதிநிதி வந்து, பன்னிரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்கிறார். ஒன்று 100 ரூபாய்ப்படி 1,200 கொடுக்கிறோம், கைக்கு 13 வருகின்றன. ஒன்றின் அடக்க விலை 92 ரூபாய் 31 சதம். அடுத்த முறை இலவசமும் இல்லை, விலையும் 104. விற்பது இரண்டு முறையும் 115க்குத்தான். முதல் தடவை ஒன்றில் 22 ரூபாய் 69 சதம் நின்றது. இரண்டாம் தடவை 11 ரூபாய். வாடிக்கையாளர் கொடுத்த காசு மாறவில்லை, தட்டில் பொருள் இருந்த இடமும் மாறவில்லை, இலாபம் மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இப்படி நூற்றுக்கணக்கான பொருள்கள். எந்தத் தலைக்குள் இதை வைத்திருப்பது?

இலாப வீதத்திலும் ஒரு குழப்பம் உண்டு. 80க்கு வாங்கி 100க்கு விற்றால் வாங்கிய விலைமேல் 25 வீதம், விற்ற விலைமேல் 20 வீதம். மாமா முதல் முறையில் பேசுவார், கணவர் இரண்டாவது முறையில் பேசுவார். இருவரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டே வெவ்வேறு விலை போட்டிருக்கிறார்கள். இப்போது எல்லாப் பொருளுக்கும் ஒரே முறையில் கணக்கு வருகிறது.

ஆகவே இந்த முறையின் உயிர் பில் அடிக்கும் மேசையில் இல்லை. வான் வந்து நிற்கும்போது பொருளை எண்ணி, இலவசம், விலைக்கழிவு, காலாவதித் திகதி எல்லாவற்றையும் பதிகிறோமே, அந்தக் கால் மணி நேரத்தில் இருக்கிறது. வான்காரர் அவசரப்படுத்துவார். பிஸ்கட் பெட்டியை உடனே உடைத்துத் தட்டில் அடுக்கச் சொல்வார். பதியாமல் ஒரு பெட்டியும் உள்ளே போகக் கூடாது. இதைச் செய்ய மனமில்லாதவர்களுக்கு கல்குலேட்டரே போதும் என்று உண்மையாகவே சொல்கிறேன்.

ஒக்டோபர் 7

வங்கி கொடுத்த கார்ட் மெஷினை வைத்துக்கொண்டு தங்களிடமும் பி.ஓ.எஸ். இருப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். அந்த மெஷினுக்கு 1,850 ரூபாய் வந்தது தெரியும். அதில் பருப்புக்கு எவ்வளவு, சவர்க்காரத்துக்கு எவ்வளவு என்று தெரியாது. நான் பேசுவது அதைத் தெரிந்து வைத்திருக்கும் கணினியைப் பற்றி.

வாடிக்கையாளர் தொலைபேசியால் காசு செலுத்த உதவும் லங்கா கியூ.ஆர். அட்டையை எப்படியும் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கி வகுத்த பொதுத் தரம் என்பதால் வேறு வேறு வங்கிச் செயலிகள் அதே அட்டையை வாசிக்கும். வாடிக்கையாளர் தன் திரையைக் காட்டினால் போதாது. உங்கள் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்த பிறகு பையைக் கொடுங்கள்.

ஒக்டோபர் 9

மென்பொருள் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரே பார்கோடு, இரண்டு விலை. செய்து காட்டுங்கள்.

2022 மார்ச்சில் 400 கிராம் இறக்குமதிப் பால்மா 540 ரூபாயிலிருந்து 790க்குப் பாய்ந்தது. தட்டில் 540 என்று அச்சடித்த பக்கெட்டுகள் மீதி இருந்தன. பக்கெட்டில் அச்சடித்த உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்க முடியாது. புதிய பக்கெட்டிலும் அதே பார்கோடு. ஒரு பார்கோடுக்கு ஒரு விலை மட்டும் ஏற்கும் மென்பொருளில், 540 பக்கெட்டை எடுத்து வந்தவரிடம் 790 கேட்கும், அல்லது 790 பக்கெட்டை 540க்குக் கொடுத்துவிடும். முதலாவது சட்டத்துக்கு விரோதம், இரண்டாவது கடைக்கு நட்டம். நல்ல மென்பொருள் ஒவ்வொரு கொள்வனவையும் தனித் தொகுதியாக வைத்திருந்து, ஸ்கேன் செய்தவுடன் எந்த விலை என்று கேட்கும்.

அந்த மாதங்களில் இன்னொன்றும் கண்டேன். பழைய பக்கெட் பத்து விற்றால் 5,400 ரூபாய் வருகிறது, அன்றைய அறிக்கை இலாபம் என்று காட்டுகிறது. அந்தக் காசைப் புதிய சில்லறை விலையால் பிரித்துப் பார்த்தால் ஏழு பக்கெட்கூட இல்லை. அறிக்கையில் தவறில்லை, அது போன விலையை வைத்துக் கணக்குப் போடுகிறது. தட்டு மெலிந்துகொண்டே போனது. விலை ஏறும் காலத்தில் ரூபாயை மட்டும் பார்க்காமல், பக்கெட் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் கடையில் போட்ட முதல் கரைகிறது.

ஒக்டோபர் 10

மின்வெட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: அதே 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்கூட மின்சாரம் இல்லாமல் இருந்தது. யூ.பி.எஸ். பற்றரி அதற்குத் தாங்காது. கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்தில் எழுதி, மின்சாரம் வந்த பிறகு பதிந்தோம். இப்போது வாங்குபவர்கள் பற்றரியில் ஓடும் டேப்லெட்டும் பற்றரி உள்ள சிறிய பிரிண்டரும் எடுக்கலாம். இணையம் போனால் நின்றுவிடும் மென்பொருளைத் தொடவே வேண்டாம்.

ஒக்டோபர் 12

5ஆம் திகதி எழுதியதை வானில் வரும் பொருள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து மூடையாக வருவதற்குக் கணக்கு வேறு.

மூடையாக வாங்கி 250 கிராமாக விற்கிறோம். வெங்காயத்தில் அழுகல் போகிறது, பருப்பில் தூசு போகிறது, கருவாடு தட்டில் இருந்தபடியே காய்ந்து எடை குறைகிறது. மூடையில் 50 கிலோ என்று பதிந்துவிட்டு விற்பனையை மட்டும் கழித்தால், மூடை காலியான பிறகும் கணினி இன்னும் சில கிலோ இருக்கிறது என்று சொல்லும். கழிவை அன்றன்றே, காரணத்தோடு பதிய வேண்டும். எங்கள் பையன்கள் அழுகிய வெங்காயத்தை நிறுத்துவிட்டுத்தான் குப்பையில் போடுகிறார்கள்.

லேபல் அடிக்கும் தராசு இருந்தால் சிறு பொதிகளை முன்கூட்டியே கட்டி வைக்கலாம். பிஸ்கட் பக்கெட்டில் 479 என்று தொடங்கும் பார்கோடு எண் இலங்கையில் பதிவானது. 2இல் தொடங்கும் எண்கள் கடை உள்ளேயே பயன்படுத்த ஒதுக்கப்பட்டவை. அவற்றில் பொருளின் குறியீடும் அந்தப் பொதியின் எடையோ விலையோ சேர்ந்தே இருக்கும். கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கு. தராசு எதுவானாலும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும்.

கழிவைப் பதியத் தொடங்கியதும் கருவாட்டில் மிஞ்சுவது எவ்வளவு சொற்பம் என்று தெரிந்தது. மாமா கருவாட்டைத்தான் கடையின் முதுகெலும்பு என்பார். நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்துமுன் பில்களை எடுத்துப் பார்த்தேன். கருவாடு இருந்த பில்களில் தேங்காயும் செத்தல் மிளகாயும் அரிசியும் கூடவே இருந்தன. கருவாடு இல்லையென்றால் அந்த ஆட்கள் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போவார்கள், அரிசியையும் அங்கேயே வாங்குவார்கள். நிறுத்தவில்லை. பொருள்வாரி இலாபத்தைப் பார்த்ததும் கத்தியை எடுத்துவிடாதீர்கள், பில்வாரியாகவும் பாருங்கள்.

ஒக்டோபர் 15

"பையன்களைக் கண்காணிக்க நல்லது" என்று ஒருவர் புகழ்ந்திருக்கிறார். இதற்கு நீளமாகவே பதில் எழுத வேண்டும்.

காசுப் பதிவு இயந்திரம் பிறந்ததே அந்த எண்ணத்தில்தான். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேய்ட்டனில் மதுச்சாலை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, வேலையாட்கள் காசை எடுக்கிறார்கள் என்று கருதி 1879இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கெடுக்க முடியாத காசாளர் என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார். அந்தத் தொழில் கைமாறி, 1884இல் ஜோன் பற்றர்சன் என்பவர் வாங்கி, உலகம் முழுக்க விற்ற நஷனல் காஷ் ரெஜிஸ்டர் நிறுவனமாக வளர்த்தார்.

எங்கள் கடையில் இரண்டு பையன்கள், மலையகத்தில் ஹட்டன் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். கொழும்பில் தமிழ்க் கடைகளின் மூடையை யார் தூக்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். லாச்சியில் காசு குறைந்தால் முதலில் யாரைப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். வாய்விட்டு ஒன்றும் சொல்லாவிட்டாலும் அந்தப் பார்வை ஒரு பிள்ளைக்குப் போதும்.

இப்போது ஒவ்வொருவருக்கும் தனி இரகசிய எண். ஆள் மாறும்போது லாச்சியை எண்ணிக் கையில் கொடுக்கிறோம். எண்ணி முடித்துப் பதிந்த பிறகுதான் கணினி தன் தொகையைக் காட்டும். இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கு ஏற்றபடி எண்ணத் தோன்றும். இப்படி ஒழுங்கு வந்ததும் தெரிய வந்தது என்ன? குறைந்த காசில் பெரும்பகுதி எங்கள் வீட்டார் எழுதாமல் எடுத்தது. தேங்காய்க்காரருக்கு, முச்சக்கர வண்டிக்கு, கோயில் உபயத்துக்கு என்று மாமா லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுப்பார். இப்போது அவரும் பதிந்துவிட்டுத்தான் எடுக்கிறார். பையன்களில் மூத்தவன், தன் கணக்கு சரியாக முடியும் நாளில் கணினி அடித்த கணக்குத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். இந்த இயந்திரம் செய்த நன்மைகளில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான். முதல் நாள் எழுதியதைவிடவும் பெரியது.

ஒக்டோபர் 19

நாளை தீபாவளி, எழுத நேரமில்லை. போன வருடம் இதே வாரம் உழுந்து, கடலைப் பருப்பு, நல்லெண்ணெய், சக்கரை எவ்வளவு போனது என்ற பட்டியலை எடுத்து வைத்துத்தான் இம்முறை வாங்கினோம். இப்போதைக்குத் தட்டும் மனமும் நிறைவாக இருக்கின்றன. எல்லோருக்கும் வாழ்த்துகள்.

ஒக்டோபர் 23

கடன் கொப்பியைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

எங்கள் ஒழுங்கையில் மாடி வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்கள் பலர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும். காசு வரும் திகதியில் வரும், ஆனால் பால்மா தினமும் வேண்டும். இந்தக் கடனைக் கணினியில் ஏற்றத்தான் வேண்டும். கொப்பியில் இருக்கும் கடன் கடையின் மொத்தக் கணக்கில் சேராமல் தனியே கிடக்கிறது. மாத முடிவில் கையில் ஏன் காசில்லை என்று புரியாமல் திகைக்கிறோம்.

ஆனால் மென்பொருளில் வரும் இரண்டு வசதிகளை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒன்று, கடன் எல்லை தாண்டினால் சத்தம் போட்டுச் சிவப்பு எழுத்தில் எச்சரிப்பது. எழுபது வயது ஆசிரியை ஒருவர் பாண் வாங்க வந்து நிற்கும்போது, பின்னால் நிற்பவர் கேட்கும்படி ஓர் இயந்திரம் கத்தக் கூடாது. மற்றது, நிலுவையைத் தானாகக் குறுஞ்செய்தியில் அனுப்புவது. அந்தச் செய்தி பேரப்பிள்ளையின் கண்ணில் படலாம், வீட்டுக்கு வந்த விருந்தினரின் கண்ணில் படலாம். நிலுவையை நான் நேரில், ஆள் இல்லாத நேரத்தில் சொல்கிறேன். கேட்பவருக்கு ஒரு துண்டு அடித்து மடித்துக் கொடுக்கிறேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் அக்கா, கணினிக்குப் போனதும் கொப்பியை எறிந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். எறியாதீர்கள், அக்கா. சிலர் தங்கள் கண்முன்னே பேனையால் எழுதினால்தான் நம்புகிறார்கள். அவர்களுக்கு இரண்டிலும் எழுதுகிறேன்.

ஒக்டோபர் 27

பில் தமிழில் வர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். "அது முடியாது, பிரிண்டரில் தமிழ் எழுத்து இல்லை" என்று எங்களிடமும் சொன்னார்கள். சாதாரண வெப்ப அச்சு பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை என்பது பெரும்பாலும் உண்மை. அதற்கு வழியும் உண்டு: மென்பொருள் வரியைப் படமாக மாற்றி அனுப்பினால் எந்தப் பிரிண்டரும் அடிக்கும், கொஞ்சம் மெதுவாக. எழுத்தாக அனுப்ப முயலும் மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம் என்று சிதறி வரும். "கொத்தமல்லி", "பெருங்காயம்", "சௌசௌ" மூன்றையும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சிங்களத்துக்கும் இதே வழிதான். எங்கள் வாடிக்கையாளரில் பாதிப்பேர் சிங்களவர், அவர்களுக்கு அந்த மொழியில் கொடுக்கிறோம்.

58 மில்லிமீட்டர் தாளில் தமிழ்ப் பெயர் மடிந்து மடிந்து விழும், 80 எடுங்கள். வெப்பத் தாளில் எழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும். வான்காரர் தரும் பில்லும் பல வேளைகளில் அதே தாள்தான். வந்த அன்றே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

தமிழில் பில் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். வாசிக்க முடியாத சீட்டைக் கொடுத்து என்ன பயன்? எங்கள் வயதானவர்கள் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறார்கள். அடுத்த நாள் வந்து, "உள்ளி விலை ஏறிவிட்டதே பிள்ளை" என்று சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும், அந்தச் சண்டை எனக்குப் பிடிக்கும்.

நவம்பர் 2

நேற்று முதல் கைப்பிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. விலையைக் கடையில் காட்சிப்படுத்தி, பில்லிலும் காட்ட வேண்டும். பையை ஒரு பொருளாகச் சேர்த்து ஒரு பொத்தானை வைத்துவிட்டோம், வேலை முடிந்தது. முதல் நாளே பலர் துணிப்பை கொண்டு வந்தார்கள்.

நவம்பர் 8

நேற்றைய வரவு செலவுத் திட்ட உரையைக் கேட்டீர்களா? பெறுமதி சேர் வரிப் பதிவுக்கான எல்லையை வருட விற்பனை 6 கோடி ரூபாயிலிருந்து 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்திருக்கிறார்கள், 2026 ஏப்ரல் முதல். 2024 ஜனவரியில்தான் அது 8 கோடியிலிருந்து 6 கோடிக்கு இறங்கியது. அதே நாளில் வரி வீதமும் 18 ஆனது. 3 கோடி 60 இலட்சத்தை 365ஆல் வகுத்தால் நாளுக்கு ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கொழும்பில் ஓரளவு ஓடும் பலசரக்குக் கடைக்கு இது எட்டாத தொகை இல்லை.

வரிக்குப் பயந்து பி.ஓ.எஸ். வேண்டாம் என்று இங்கே ஒருவர் சொன்னார். நான் நேர் எதிராக நினைக்கிறேன். விலக்களிக்கப்பட்ட பொருளும் வரிக்குரிய பொருளும் ஒரே தட்டில் கலந்திருக்கும் கடை இது. வரிக்குரிய விற்பனை எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாவிட்டால், எல்லைக்குள் நிற்கிறோமா தாண்டிவிட்டோமா என்றே தெரியாது. பொருளுக்குப் பொருள் வரிக் குறியீடு போட்டு வைத்தவர் ஒரு பட்டியலை எடுத்துக் கணக்காளரிடம் கொடுத்துவிடுவார்.

இதோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கை. நாங்கள் முதலில் எடுத்த மென்பொருள் மாத வாடகைக்கானது. வேறொன்றுக்கு மாற முடிவெடுத்தபோது, எங்கள் விற்பனைப் பதிவுகளைத் தர அந்த நிறுவனம் தனியாகக் காசு கேட்டது. என் கடையின் கணக்கை எனக்கே விற்கிறார்கள் என்ற கோபம் இன்னும் தீரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பொருள் பட்டியலையும் விற்பனையையும் கடன் நிலுவையையும் எப்போது வேண்டுமானாலும் எக்செல் கோப்பாக நீங்களே இறக்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நவம்பர் 12

கொட்டாஞ்சேனைத் தம்பி வாங்க முடிவெடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. எங்கிருந்து தொடங்குவது என்கிறார்.

எல்லாப் பொருளையும் ஒரே வாரத்தில் ஏற்ற முயலாதே. வானில் வரும், பார்கோடு உள்ள, வேகமாகப் போகும் பொருள்களை முதலில் ஏற்று: பால்மா, பிஸ்கட், சவர்க்காரம், தேயிலை, நூடுல்ஸ். மூடைப் பொருள்களை அடுத்த மாதத்துக்கு வை. அதுவரை "நிறுவைப் பொருள்" என்று ஒரே பெயரில் பில் போட்டுக்கொள். ஞாயிறு மாலை கடை மூடியதும் ஏற்றிய பொருள்களை மட்டும் எண்ணிக் கணினியோடு ஒப்பிட்டுப் பார். வித்தியாசம் வந்தால் முதலில் வான் பில்களைத் தேடு, பிறகு கழிவை, பிறகு வீட்டுக்கு எடுத்துப்போனதை.

அப்பாவைப் பில் அடிக்கும் மேசையில் உட்காரவைக்காதே. வான் வரும்போது எண்ணிப் பார்க்கும் பொறுப்பை அவருக்குக் கொடு. முப்பது வருடம் பெட்டியைத் தூக்கிப் பார்த்தே குறைவு கண்டுபிடித்தவர் அவர். அந்தக் கைக்கு வேலை அங்கேதான். பிரிண்டர் வாங்கும்போது தாள் உருளையும் சேர்த்து வாங்கு, 80 மில்லிமீட்டர்.